அலகு கொடுத்தார்கள், காது கொடுக்கவில்லை

பத்து விநாடிகூட ஓடாத ஒரு விளையாட்டைப் பற்றி இன்னுமா பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அக்கா போனில் கேட்டாள். கோடை விடுமுறைக்கு அவள் மகனோடு நீலகிரி மலையில் எங்கள் ஊரான கேத்திக்கு வந்த அந்த வீடியோ கேம் பெட்டி, பள்ளிக்கூடம் திறக்கும்போது அவனோடேயே கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டது. அதில் இருந்த மற்ற விளையாட்டுகளில் பாதி எனக்கு மறந்தும் போய்விட்டது. ஒன்று மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. குருவி புழு பிடிக்கும் விளையாட்டு. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் அதில் விட்டுப்போன ஒரு விஷயம் இவ்வளவு தூரம் உறுத்துகிறது.

நாலு பேர் கூடி ஆடுவதற்கென்றே செய்த தொகுப்புகள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றில் வரும் குட்டி விளையாட்டு இது. ஆளுக்கு ஒரு குருவி. குருவிக்கு முன்னால் கொஞ்சம் மண். மண்ணிலிருந்து புழு தலை நீட்டும். கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரைக் கீழே சாய்த்தால் குருவி குனிந்து கொத்தும், மேலே தூக்கினால் புழு வெளியே வரும். தாமதித்தால் புழு உள்ளே போய்விடும். சரி, புரிந்துவிட்டது என்று நாம் நிமிர்ந்து உட்காருவதற்குள் ஆட்டம் முடிந்து, யாருக்கு எத்தனை புழு என்று திரையில் எண்ணிக்கை வந்துவிடும். பட்டன் ஒன்றையும் அழுத்த வேண்டாம், விதிமுறை படிக்க வேண்டாம். இதுமாதிரிப் பொருளைக் கையால் தொட்டே இராத அம்மா, பேரன் ஆடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்கி ஆடினார். அடுத்த ஆட்டத்தில் புழுவும் பிடித்தார்.

மே மாதத்தில் மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அப்போது நாங்கள் எங்கும் வெளியே போக மாட்டோம். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்தும் சீசன் நேரத்தில் குன்னூர் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மத்தியானம் ஆனால் மழையும் பிடித்துக்கொள்ளும். அதனால் சாயங்காலம் ஆனதும் மொத்த வீடும் டிவி முன்னால் கூடிவிடும். குருவி விளையாட்டு வந்தால் மட்டும் யாரும் டீ எடுத்து வர எழுந்து போக மாட்டார்கள். கிழவர்களும் குழந்தையும் ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மாதிரி குனிந்து நிமிர்வதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அப்பா மட்டும் ஆடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தோட்டத்து வேலை முடித்து வந்த அலுப்பு என்று நினைத்தேன். கடைசியில் ஒரு நாள், "இது குருவி இல்ல கண்ணு. கொத்துற மிஷின்" என்றார். கோபமாகவோ குறையாகவோ சொல்லவில்லை. தக்காளியைப் பார்த்து இது இன்னும் காயாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அந்த வார்த்தை என்னிடமே தங்கிவிட்டது.

கைக்குள் இருக்கும் எடை

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் தேடினால் முதலில் கண்ணில் படுவது அக்கா மகன் ஆடும் விதம். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று முழங்கையையும் தோளையும் சேர்த்து அசைத்து ஆடிக்கொண்டிருக்க, அவன் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டுவான். வெடுக், வெடுக் என்று. அவனுடைய குருவிதான் எப்போதும் ஜெயிக்கும். எழுந்து நின்று ஆடினால் என்னடா என்று கேட்டதற்கு, "கன்ட்ரோலருக்கு இது போதும் சித்தி" என்றான்.

அவன் சொன்னது உண்மை. கன்ட்ரோலருக்குள் முடுக்கத்தை அளக்கும் சில்லு ஒன்று இருக்கிறது. 2006இல் நின்டெண்டோ கொண்டுவந்த வீ (Wii) என்ற விளையாட்டுப் பெட்டியின் ரிமோட்டில் இருந்தது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ்எல்330. பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, அதே சிலிக்கானில் செய்த ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கை வேகமெடுக்கும்போது அந்த எடை ஒரு கணம் பின்தங்கும். பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை மின்சாரத்தால் அளந்து எண்ணாக்கி, மூன்று திசைகளுக்கும் தனித்தனியாக அனுப்பும். அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். தோள் அசைந்ததா, முதுகு வளைந்ததா, ஆடுகிறவர் தன்னைக் குருவியாக நினைத்துக்கொண்டாரா என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. கையின் வேகம் எப்படி மாறுகிறது என்பதுதான் அதற்குச் செய்தி. மணிக்கட்டைச் சுண்டினால் அந்த மாற்றம் பெரிதாகவே இருக்கும்.

நேரம் கொஞ்சமாக இருக்கும் விளையாட்டில் இதைவிட நுணுக்கமாக எதிர்பார்க்கவும் முடியாது. ஒருவர் கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடிப்பார், இன்னொருவர் பக்கவாட்டில் பிடிப்பார், குழந்தை இரண்டு கையாலும் பிடிக்கும். ஒவ்வொருவர் பிடியையும் அளந்து சரிசெய்ய அவகாசம் கிடையாது. ஆகவே ஒரு அளவைத் தாண்டி அசைந்தால் கொத்தியது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த அளவையும் அம்மா மாதிரி ஆட்களுக்கு எட்டும்படி தாழ்வாக வைப்பார்கள். அது பெருந்தன்மையான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போது நின்டெண்டோவின் தலைவராக இருந்த சதோரு இவாதா 2005 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் வீயின் கன்ட்ரோலரை முதன்முதலாகக் காட்டியபோது, அது டிவி ரிமோட் மாதிரிதான் இருந்தது. பத்துப் பதினைந்து பட்டன்களைப் பார்த்து ஒதுங்கிப் போனவர்களும் எடுத்து ஆட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அம்மா ஆடியபோது அந்த எண்ணம் எங்கள் வீட்டிலேயே நிறைவேறியது.

அதே வீயில் வந்த வாரியோவேர் ஸ்மூத் மூவ்ஸ் இதை இன்னும் அழகாகச் செய்தது. சில விநாடிகளே ஓடும் குட்டி விளையாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கன்ட்ரோலரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நிலையைக் காட்டும். யானை நிலை என்று ஒன்று உண்டு, கன்ட்ரோலரை மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், அது தும்பிக்கை ஆகிவிடும். அந்தச் சில விநாடியில் நம் முகமே வேறாகிவிடுகிறது. சில்லுக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிகிறது. அதனால் கன்ட்ரோலர் எவ்வளவு குறைவாக உணர்கிறது என்பது எனக்குக் குறையே கிடையாது. மணிக்கட்டைச் சுண்டி ஜெயிக்கிற பிள்ளை மேலும் வருத்தம் இல்லை. குருவியும் வீணாக ஒரு அசைவு அசைவதில்லை. இவ்வளவையும் யோசித்த பிறகும் அப்பா சொன்ன மிஷின் என்ற வார்த்தை அப்படியே நின்றது. அவருக்கு உறுத்தியது அவன் மணிக்கட்டு இல்லை போலிருக்கிறது.

பாத்தி ஓரம்

எங்கள் தோட்டத்தில் கேரட், பீட்ரூட், ஒரு ஓரத்தில் பூண்டு. கேத்திப் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் இதில் ஏதாவது இரண்டைச் சொல்வார்கள். கேரட் பிடுங்கும் நாளில் ஆட்கள் இருட்டோடு வந்துவிடுவார்கள். மூட்டை கட்டிக் கழுவும் மிஷினுக்கு அனுப்பி, அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்ற வேண்டும். விடியும்போது பாதிப் பாத்தி புரண்டு கிடக்கும். அப்புறம்தான் பறவைகள் வரும். முதலில் காட்டு மைனாக்கள், கூட்டமாக, கூச்சலாக. மனுஷக் காலுக்குப் பக்கத்திலேயே நடந்து பொறுக்கும். உண்ணிக்கொக்கு நீட்டிய கழுத்தோடு பின்னால் வரும். வேலிக் கம்பில் கறுப்பு வெள்ளையில் புதர்ச்சிட்டு உட்கார்ந்திருந்து, சட்டென்று இறங்கிப் பூச்சியை எடுத்துக்கொண்டு அதே கம்புக்குத் திரும்பும். குளிர்காலமாக இருந்தால் வாலாட்டியும் உண்டு. இவை எல்லாமே கொத்துகிற பறவைகள். கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்கின்றன. திரையில் இருந்த குருவி இந்தக் கூட்டத்தில் தாராளமாகச் சேர்ந்துகொள்ளும்.

கூட்டத்தோடு சேராமல் தனியாக வருவது கருங்குருவி. அப்பா அதை அப்படித்தான் சொல்வார். பறவை பார்க்க வருகிறவர்கள் இந்தியன் பிளாக்பேர்டு என்பார்கள், டர்டஸ் சிமில்லிமஸ். ஆணுக்கு உடம்பெல்லாம் கரும்பழுப்பு, தலை இன்னும் கறுப்பு, அலகும் கண்ணைச் சுற்றிய வளையமும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் புல்வெளியிலும் பார்க்கலாம், ஆட்கள் வருவதற்கு முன்னால் போனால். எங்கள் தோட்டத்தில் எல்லாப் பாத்திக்கும் அது வராது. தொழுஉரம் போட்டு, மருந்தடித்து நாளான பாத்தியில்தான் இறங்கும். குருணை மருந்து போட்ட மண்ணில் புழு இராது, சில குருணைகள் பறவையையும் சேர்த்துக் கொல்லும். அப்பா பல வருஷமாக மேல் பாத்திகளில் குருணை போடுவதில்லை. அந்தப் பேச்சு எடுத்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், அதைத் தனியாக எழுத வேண்டும்.

முதல் நாள் ராத்திரி நல்ல மழை பெய்திருந்தது. விடிந்ததும் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மேல் பாத்திக்குப் போனேன். காலி மூட்டைகள் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவனுக்குத் தூக்கம் கலையவில்லை, ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு சும்மா இருந்தான். அதனாலேயே கருங்குருவி எங்களைப் பொருட்படுத்தாமல் இறங்கியது என்று நினைக்கிறேன். இறங்கியதும் ஓடியது. நாலைந்து எட்டு. நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றது, வால்கூட அசையவில்லை. மறுபடி நாலைந்து எட்டு, மறுபடி நிற்பது. மூன்றாவது இடத்தில் நின்றபோது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது, பக்கத்து அறையில் நடக்கும் பேச்சுக்குச் செவி கொடுப்பவர்கள் சாய்ப்பார்களே, அந்த மாதிரி. சாய்த்த தலையோடு ரொம்ப நேரம் இருந்தது. மண்ணுக்கு மேலே எதுவுமே இல்லை. புழு தலை நீட்டவில்லை, ஓட்டை தெரியவில்லை, ஈரமான கறுப்பு மண் மட்டும்தான்.

"தூங்குதா சித்தி?" என்றான் மெதுவாக.

நான் பதில் சொல்வதற்குள் அது குனிந்து அலகை மண்ணுக்குள் விட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அது வெடுக்கென்று இழுக்கவில்லை. புழுவின் ஒரு முனை அலகில், மறு முனை மண்ணுக்குள். மண்புழுவின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன, அவற்றை வளையின் சுவரில் ஊன்றிக்கொண்டு அது உள்ளே இறுக்கிப் பிடிக்கும். வேகமாக இழுத்தால் அறுந்துபோகும், குருவிக்குப் பாதிதான் மிஞ்சும். கருங்குருவி இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, அந்த எடையை மட்டும் புழுவின் மேல் போட்டு நின்றது. புழு ரப்பர்போல நீண்டு மெலிந்தது. கொஞ்சம் பிடி தளர்ந்ததும் குருவி கீழே நகர்த்தி மண்ணுக்கு ஒட்டினாற்போல மறுபடி கவ்விக்கொண்டது. மறுபடி பின்னால் சாய்ந்தது. ஒரு கட்டத்தில் புழு மொத்தமாக விட்டுக்கொடுத்து வெளியே வந்தது, அறுபடாமல், முழுசாக.

பையன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்வெட்டர் கைக்குள் இருந்த அவன் விரல்கள் இறுகியிருந்தது துணிக்கு வெளியே தெரிந்தது. கீழே இறங்கி வரும்போது அவன் புழுவைப் பற்றிக் கேட்கவில்லை, இழுத்ததைப் பற்றிக் கேட்கவில்லை. "அங்க இருக்குன்னு அதுக்கு எப்படி சித்தி தெரிஞ்சது?" என்றுதான் கேட்டான். அப்பாவுக்கு உறுத்தியது எது என்று எனக்கு அப்போது புரிந்தது. திரையில் புழு தானாக மேலே வந்து தன்னைக் காட்டிவிடுகிறது. குருவிக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலையே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டாத குருவிக்கு மிச்சம் இருப்பது கொத்துவது மட்டும்.

சாய்த்த தலை எதற்கு

அவன் கேட்ட கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நம் கருங்குருவியின் பேரினத்தைச் சேர்ந்த பறவை ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது, அமெரிக்கன் ராபின். அதுவும் ஓடும், நிற்கும், தலையைச் சாய்க்கும். 1965இல் ஃபிராங்க் ஹெப்னர் அதை ஆராய்ந்து, அது கண்ணால் பார்த்துத்தான் புழுவைக் கண்டுபிடிக்கிறது என்று எழுதினார். பறவையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், ஒரு இடத்தைக் கூர்ந்து பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது என்பது நியாயமான விளக்கம்தான். பல வருஷம் அதுவே பாடமாக இருந்தது.

1997இல் கனடாவின் ராபர்ட் மான்ட்கோமரியும் பேட்ரிக் வெதர்ஹெட்டும் மறுபடி சோதித்தார்கள். மண் நிரப்பிய தட்டுகளில் புழுக்களைப் புதைத்து வைத்தார்கள். பார்வைக்கு வழியில்லாமல், வாசனைக்கு வழியில்லாமல், காலில் உணரும் அதிர்வுக்கும் வழியில்லாமல் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தார்கள். அப்போதும் ராபின்கள் புழுவைக் கண்டுபிடித்தன. இரைச்சலை ஒலிக்க விட்டபோது அவை கண்டுபிடிப்பது குறைந்தது. ஆக, கண்ணும் உண்டு, காதும் உண்டு. மண்ணுக்குள் புழு நகரும் சத்தத்தைக் கேட்கிற ஒரு உயிர். நம் தோட்டத்துக் கருங்குருவியை வைத்து இந்தச் சோதனை செய்யப்படவில்லைதான். ஆனாலும் அன்று அந்த ஈர மண்ணில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதை நானும் பையனும் கண்ணால் கண்டோம்.

மண்ணுக்குக் கீழே இருப்பதும் சும்மா இல்லை. சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தொட்டிகளில் புழு வளர்த்து, அவற்றின் முன்னால் விசில் ஊதிப் பார்த்தார்கள், பாசூன் என்ற குழலை வாசித்துப் பார்த்தார்கள், பியானோ வாசித்துப் பார்த்தார்கள். புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் உடனே வளைக்குள் போய்விட்டன. காற்றில் வரும் சத்தம் அவற்றுக்குக் கேட்பதில்லை, தரை வழியாக வரும் அதிர்வு தெரிகிறது. கடற்காகங்கள் புல்தரையில் காலால் தட்டித் தட்டிப் புழுவை மேலே வரவழைப்பதும் இதை வைத்துத்தான். அப்படியானால் பாத்தி ஓரத்தில் நாங்கள் பார்த்தது இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று கவனித்துக்கொண்டிருந்த நேரம். மேலே ஒன்று காதால், கீழே ஒன்று உடம்பால். அவ்வளவு சுவாரசியமான ஒரு நேரத்தை வெட்டிவிட்டுக் கடைசிக் கொத்தை மட்டும் விளையாட்டாக வைத்திருக்கிறார்கள்.

அதே கையில் இன்னொன்றும் இருக்கிறது

கன்ட்ரோலரால் அதற்கு மேல் முடியாது என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். முடியும். அசைவை அளக்கும் சில்லோடு அதிரும் பாகமும் அதே கைப்பிடிக்குள் இருக்கிறது. 2017இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டி வந்தபோது கூடவே வந்த 1-2-ஸ்விட்ச் தொகுப்பில், கன்ட்ரோலரைக் கையில் பிடித்து மெல்ல சாய்த்து, உள்ளே எத்தனை கோலிகள் உருளுகின்றன என்று சொல்ல வேண்டிய விளையாட்டு ஒன்று உண்டு. உள்ளே கோலியே கிடையாது, எல்லாம் அதிர்வு. ஆனால் உள்ளங்கை நம்பிவிடும். அசையாமல் இருப்பதையும் அளக்க முடியும். மேசைமேல் சும்மா வைத்த கன்ட்ரோலர்கூடப் பூமியின் இழுப்பை, 1 ஜி என்று, சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் அசைந்துவிட்டது என்று அதற்குத் தெரியும். வீயில் வந்த வீ ஃபிட் என்ற உடற்பயிற்சித் தொகுப்பில், எடையை உணரும் பலகைமேல் உட்கார்ந்து, மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது. ஆக, கருவியும் இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது.

எனக்குத் தோன்றுகிற விளையாட்டு இதுதான். திரையில் குருவியும் மண்ணும் மட்டும், புழு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கையிலும் ஒவ்வொரு கன்ட்ரோலர். கை அசைந்தால் குருவி நடக்கும், நடக்கும் சத்தத்தில் புழு அடங்கிவிடும். கையை அசைக்காமல் நிறுத்தினால்தான் உள்ளங்கையில் ஒரு ஊர்தல் தெரியத் தொடங்கும், இடது கையில் பலமாகவோ வலது கையில் பலமாகவோ. அந்தப் பக்கம் சாய்த்துக் கொத்த வேண்டும். அப்புறம் வெடுக்கென்று இழுத்தால் புழு அறும், பாதி மதிப்பெண். நிதானமாகத் தூக்கினால் முழுப் புழு. இதற்கும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகாது. அம்மாவாலும் ஆட முடியும், சொல்லப்போனால் அவர்தான் ஜெயிப்பார் என்று நினைக்கிறேன்.

இதைச் சொன்னதும் பையன் உடனே ஒரு மறுப்பு வைத்தான். "ஆடுறவங்களுக்குக் கையில தெரியும். பாக்குறவங்களுக்கு என்ன தெரியும்?" நல்ல கேள்வி. நாலு பேர் கூடி ஆடும் விளையாட்டில் ஆடுகிறவர் பாதி என்றால் பார்க்கிறவர்கள் மறுபாதி. எல்லோரும் சிரிக்க, கத்த ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால்தான் புழுவை மேலே வரவைத்திருக்கிறார்கள் என்று அவன் வாதாடினான். செய்தவர்கள் பக்கம் நின்று யோசித்தால் அது பலமான காரணம்தான். ஆனால் கேரம் போர்டில் ஒருவர் சிவப்புக் காய்க்குக் குறி வைக்கும்போது சுற்றி நிற்பவர்கள் என்ன பார்க்கிறார்கள்? விரல் ஸ்ட்ரைக்கரின் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் யாரும் நகர்வதில்லை, பேசுகிறவனை மற்றவர்கள் அடக்குவார்கள். காத்திருப்பதைப் பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அன்று மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் அவன்தானே. இதைச் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மறுநாள் அவனே ஒரு வழி கண்டுபிடித்து வந்தான். பெட்டி வேண்டாம், டீப்பாய் போதும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் டீப்பாயின்மேல் விரித்து வைக்க வேண்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து பலகையின் அடிப்பக்கத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டுவார், அவர்தான் புழு. எந்தப் பக்கம் என்று உணர்ந்து அந்தக் கையால் ஒரே ஒரு தட்டு. தப்பான பக்கம் தட்டினால் புழு ஓடிவிட்டது. சுற்றியிருப்பவர்களுக்குப் புழு எங்கே இருக்கிறது என்று தெரியும், குருவிக்கு மட்டும்தான் தெரியாது. பார்க்கிறவர்களின் பிரச்சினையை அவன் அப்படித் தீர்த்துவிட்டான், என் திட்டத்தில் இல்லாத விஷயம் அது. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒருவர் ஆடும்போது மற்ற நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் ஆடினார். அவர்தான் எப்போதும் புழு. நகத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, எதிரில் இருப்பவர் பொறுமை இழக்கும்வரை சும்மா இருப்பார். புழு அப்படித்தான் செய்யும் என்பது அவர் வாதம்.

ராபின் சோதனையில் இரைச்சல் வைத்ததை நான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு இரண்டாவது லெவல் என்று சமையலறையில் மிக்ஸியை ஓட விட்டான். அதிர்வு தரை வழியாக டீப்பாய் வரைக்கும் வந்தது, அம்மாவைத் தவிர யாராலும் சரியாகத் தட்ட முடியவில்லை. ஊருக்குப் போன பிறகு போனிலேயே மூன்றாவது லெவல் பேசிக்கொண்டிருக்கிறோம். குன்னூரிலிருந்து மலை ரயில் கேத்தி ஸ்டேஷனுக்குள் வரும் நேரத்தில் ஆட வேண்டும் என்கிறான் அவன். எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருக்கிறது, டீப்பாயை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறோம். விளையாட்டுச் செய்கிற யாராவது இதைப் படித்தால், முதல் இரண்டு லெவலையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.